எரிக்கவும் விடவில்லை, ஓடு மாற்றவும் விடவில்லை

அக்டோபர் மழையில், ஐம்பத்தெட்டு வயதுப் பெண் ஒருத்தி கோயில் கூரை மேல் தார் வாளியோடு உட்கார்ந்து எங்கள் எல்லோரையும் பெயர் சொல்லித் திட்டிக்கொண்டிருந்தாள். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான் ஒருவன்தான் என்பதால் எல்லோருடைய பங்கும் என் தலையில் விழுந்தது.

"டேய் மிரோனு, ஏணி ஆடுது. அதையாவது உருப்படியா புடி."

"புடிச்சுக்கிட்டுதான் இருக்கேன். காத்து அடிக்குது."

"காத்து எனக்கும்தான் அடிக்குது. நான் விழுந்து செத்தா அடக்கத்துக்கு மட்டும் ஃபாதர் நேரத்துக்கு வந்துருவாரு, பாரு."

அவள் பெயர் செனோவியா குரிலிவ். கனடாவில், சஸ்காச்சுவானின் கிழக்கு ஓரத்தில், வெர்போவா என்ற எங்கள் ஊரில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுபவள். நானும் அவளும் ஒரே வகுப்பில் படித்தவர்கள், அதனால்தான் அந்த 'டேய்'. கணவன் தராஸ் வைக்கோல் கட்டிக்கொண்டிருந்தபோதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டான். மகன் ஒருத்தன் கால்கரியில் இருக்கிறான். அவளைப் பக்தி மிகுந்தவள் என்று யாரும் சொல்லமாட்டார்கள். வழிபாட்டின்போது பின்வரிசையில் நின்று கடிகாரத்தைப் பார்ப்பாள். ஆனால் பதினோரு வருடமாக எங்கள் மாதா கோயில் சபைக்கு அவள்தான் தலைவி. வேறு யாரும் அந்த வேலையை எடுத்துக்கொள்ளவில்லை என்பதுதான் காரணம்.

சபை என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். 2003-ஆம் வருடம் நாங்கள் மொத்தம் ஆறு பேர். செனோவியா, அவள் கணவனின் மாமா மெத்ரோ, சமையலுக்குப் பெயர்போன தெக்லாக்கா, தானியக் கிடங்கில் எடை போட்டு ஓய்வு பெற்ற நான், பிறகு ஹாராசிம் சகோதரர்கள் இரண்டு பேர். அவர்கள் இருவரும் ஒருவரோடு ஒருவர்கூடப் பேசமாட்டார்கள். ஃபாதர் இஹோர் யார்க்டனிலிருந்து வருடத்துக்கு ஒரு முறை, ஆகஸ்ட் கடைசியில் வரும் கோயில் திருநாளுக்கு வருவார். அவர் கையில் இதுபோலப் பதினோரு கோயில்கள் இருந்தன. எங்களிடம் வந்துவிட்டு இன்னொன்றுக்கு ஓடுவார்.

கோயில் சின்னதுதான். உக்ரைனிலிருந்து முதலில் வந்தவர்கள் மரத்தண்டுகளை அடுக்கி, மூலையில் ஒன்றையொன்று கவ்வும்படி வெட்டிக் கட்டிய சுவர். அதற்கு மேலே பலகை. நடுவில் தகரக் குமிழ்க் கோபுரம். உள்ளே உட்கூரை முழுக்க நீலவானமும் நட்சத்திரமும், சுவரில் புனிதர்களும் வானதூதர்களும். கூரையில் தேவதாரு மர ஓடு. அது எண்பது வருடமாகி உளுத்துப்போய், வடக்குப் பக்கம் ஒழுக ஆரம்பித்திருந்தது. செனோவியா கேட்டது அதைச் சரிசெய்ய அனுமதி, அவ்வளவுதான். ஒரு ஒழுகலை நிறுத்த இத்தனை பேர் சம்மதம் வேண்டும் என்று அவள் கனவிலும் நினைத்திருக்கமாட்டாள்.

முதல் தடை மெத்ரோ மாமா. அவருக்கு அப்போது எண்பத்திரண்டு. அவருடைய அப்பாதான் குளிர்காலத்தில் குதிரைச் சறுக்குவண்டியில் அந்தத் தண்டுகளை இழுத்து வந்தவர். அதனால் கோயிலில் தனக்குத் தனி உரிமை உண்டு என்பது அவர் எண்ணம்.

"ஓடு எல்லாத்தையும் பிடுங்கி எறிஞ்சுட்டு பச்சைத் தகரம் போடணும். சுவருக்கு வெள்ளை வினைல். உள்ள எல்லாத்தையும் புதுசா பெயின்ட் அடிக்கணும். கடவுளோட வீடு கந்தலா நிக்கக்கூடாது செனோவியா. உன் வீட்ட இப்படி வச்சிருப்பியா?"

"என் வீடு இதைவிட மோசமா இருக்கு மாமா."

"அது உன் இஷ்டம். மாதாவுக்கு நல்லது கொடுக்கணும். பழசை வச்சுக்கிட்டுக் கும்பிடறது கஞ்சத்தனம்."

அவர் சும்மா பேசுகிறவர் இல்லை. ஏற்கெனவே ஒரு கோடையில், யாரிடமும் சொல்லாமல், தானியக் கொட்டகைக்கு அடித்தது போக மிஞ்சிய சிவப்பையும் வெள்ளையையும் கலந்து, இடப்பக்கச் சுவரில் மூன்று வானதூதர்களின் முகத்தைப் புதுப்பித்து வைத்திருந்தார். மூன்று பேருக்கும் கன்னம் தக்காளி மாதிரி ஆகிவிட்டது. தெக்லாக்கா அதைப் பார்த்து, "பாவம், மூணு பேருக்கும் காய்ச்சல்" என்று சொல்லிச் சிரித்தாள். மெத்ரோ மாமா சிரிக்கவில்லை. மண்டியிட்டு, முதுகுவலியோடு, நாலு நாள் செய்த வேலை அது. அவரைப் பொறுத்தவரை அது ஜெபம்.

தகரத்துக்குப் பணமில்லை, ஓடு மாற்ற மாமா விடமாட்டார் என்ற நிலையில் செனோவியா சமவெளிப் பழங்கட்டடக் கழகம் என்ற சங்கத்துக்குக் கடிதம் எழுதினாள். ரெஜைனாவிலிருந்து கரின் ஹால்வர்சன் என்ற பெண் வந்தாள். நாற்பது வயதிருக்கும். உள்ளே நுழைந்ததும் தரையில் மல்லாந்து படுத்து, உட்கூரையை ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்தபோது கண் கலங்கியிருந்தது. தக்காளிக் கன்னங்களைப் பார்த்ததும் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இந்த மாதிரி ஒண்ணு முழுசா நான் பாத்ததே இல்லைங்க. இதை எப்படியாவது காப்பாத்தியாகணும்" என்றாள்.

செனோவியாவுக்கு அன்றைக்கு வந்த சந்தோஷத்தை நான் பார்த்தேன். தெக்லாக்கா வீட்டில் உருளைக்கிழங்கு அடைத்த பைரோஹிக் கொழுக்கட்டையைத் தட்டு நிறைய வைத்து அந்தப் பெண்ணைத் திணறடித்தார்கள். மூன்று வாரம் கழித்து நாலு பக்கக் கடிதம் வந்தது. செனோவியா அதைக் காலியான பஸ்ஸில், ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, எனக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினாள். கழகம் ஓடு போட்டுத் தரும். ஆனால் கையால் பிளந்த தேவதாரு ஓடுதான் போட வேண்டும், அது மேற்குக் கரையிலிருந்து வர இரண்டு வருடம் ஆகும். அதுவரை யாரும் கூரையைத் தொடக்கூடாது. உள்ளே மெழுகுத்திரி கூடாது. தூபம் கூடாது. கோடையில் பார்வையாளர்களுக்குத் திறந்து வைக்க வேண்டும், அவர்கள் பலிபீடத்தைப் பார்க்கும்படி, அதை மறைத்து நிற்கும் புனிதர் படச் சுவரான திருவுருவத் திரையின் நடுக் கதவு திறந்தே இருக்க வேண்டும்.

அந்தக் கதவு வழியாகக் குருவானவர் மட்டும்தான் போவார். வழிபாடு இல்லாத நேரத்தில் அது மூடித்தான் இருக்கும். எங்களில் யாரும் அதன் பின்னால் கால் வைத்ததில்லை.

செனோவியா அன்றே கரினுக்கு ஃபோன் போட்டாள். நான் பக்கத்தில் நின்றேன்.

"கரின், ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. மெழுகுத்திரி ஏத்தக்கூடாதுன்னா நாங்க உள்ள போயி என்ன பண்றது?"

"இப்போ பேட்டரியில எரியறது வருது. பாக்க நிஜம் மாதிரியே இருக்கும்."

"மாதாவுக்குக் கண்ணு தெரியாதுன்னு நெனச்சீங்களா?"

கரின் சிரித்துவிட்டாள். பிறகு பொறுமையாகச் சொன்னாள்: "அந்த ஓவியம் எழுபது வருஷம் புகைபட்டுப் புகைபட்டுத்தான் கறுத்துப்போயிருக்கு. இன்னும் கொஞ்ச காலம் விட்டா ஒண்ணும் மிஞ்சாதுங்க."

"புகை படத்தானே அதை வரைஞ்சாங்க?"

 "நீங்க சொல்றது புரியுது. ஆனா விதியை எழுதறது நான் மட்டும் இல்லை" என்றாள் கரின். செனோவியா ஃபோனை வைத்துவிட்டு என்னைப் பார்த்து, "ஒருத்தருக்குக் கோயில் புதுசா இருக்கணும். இன்னொருத்தருக்குப் பழசாவே இருக்கணும். மழை ரெண்டு பேரையும் கேட்டுக்கிட்டா பெய்யுது?" என்றாள்.

வேறு வழியில்லாமல் கழகத்தின் விதிகளுக்குக் கையெழுத்துப் போட்டாள், ஆனால் இரண்டு வருடம் காத்திருக்க அவளால் முடியவில்லை. அந்த அக்டோபரில் மூன்று நாள் விடாமல் மழை. வடக்கு மூலையில் தண்ணீர் சுவரோடு வழிந்து, அங்கே வரைந்திருந்த பேதுருவின் முழங்கால்வரை வந்துவிட்டது. அதனால்தான் தார் வாளி, அதனால்தான் ஏணி. அவள் பூசிய தார் ஒழுகலை நிறுத்தியது. நவம்பரில் படம் எடுக்க வந்த கழகத்து ஆள் ஒருவன் ஓட்டின் மேல் கறுப்பாக அப்பிக் கிடந்ததைப் பார்த்துவிட்டான். உடன்பாடு முறிந்துவிட்டது என்று ஒரு பக்கக் கடிதம் வந்தது. இந்த முறை அவள் எனக்குப் படித்துக் காட்டவில்லை. நாலாக மடித்துக் கண்ணாடிக்கு மேலே சொருகிவிட்டு பஸ்ஸைக் கிளப்பினாள்.

அதே மாதத்தில் இன்னொன்று நடந்தது. தெக்லாக்காவின் பேத்திக்கு சாஸ்கட்டூனில் பட்டமளிப்பு. விருந்துக்குப் புது உணவகம் ஒன்றில் மேசை சொல்லியிருந்தார்கள். தெக்லாக்காவை அழைத்துக்கொண்டு செனோவியாவும் நானும் போனோம். உட்கார்ந்து ரொட்டி வந்ததும் தெக்லாக்கா பேச்சை நிறுத்திவிட்டாள். மதுபான மேடைக்குப் பின்னால் ஒரு கதவு இரண்டாகப் பிளந்து சுவரில் மாட்டியிருந்தது. அதில் பலகைத் தட்டுகள் அடித்து, தட்டுகளில் பாட்டில்கள். பாட்டில்களுக்கு நடுவே கபிரியேல் தூதர் கையை உயர்த்தி நின்றார்.

அது எங்களுக்குப் பக்கத்து ஊர்க் கோயிலில் பலிபீடத்துக்கு முன்னால் இருந்த நடுக் கதவு. இருபது வருடம் முன்பு, பத்திரமாக வைத்துக்கொள்கிறேன் என்று சொன்ன ஒருவருக்கு அந்த ஊர்க்காரர்கள் கோயிலை விற்றிருந்தார்கள். தெக்லாக்கா அந்தக் கோயிலில்தான் ஞானஸ்நானம் பெற்றவள். அவள் எழுந்து, மேடையைச் சுற்றிக்கொண்டு பின்னால் போய், சிலுவை போட்டு, இரண்டு விஸ்கி பாட்டில்களுக்கு இடையில் தலையை நுழைத்து அந்தக் கதவை முத்தமிட்டாள்.

பரிமாறுகிற பையன் ஓடி வந்து, "மேடம், டாய்லெட் அந்தப் பக்கம்" என்றான்.

வீடு திரும்ப மூன்று மணி நேரம். ஊருக்குள் நுழையும்போது தெக்லாக்கா சொன்னாள்: "நம்ம கோயிலை எரிச்சுடணும்."

செனோவியா பிரேக்கை மிதித்தாள். "அக்கா, என்ன பேசறீங்க?"

"எரிச்சுடணும். நாம உசுரோட இருக்கும்போதே. நாம போனப்புறம் அந்தப் பலிபீடத்துல எவனாவது கோழிக்கால் வச்சுத் தின்னுவான்."

இது தெக்லாக்காவின் கிறுக்கு இல்லை. எங்களிடையே இருக்கிற வழக்கம்தான். கடவுளுக்கென்று அர்ச்சித்த மரம் வேறு எதற்கும் பயன்படக்கூடாது. இன்னொரு கோயிலுக்குக் கொடுக்கலாம், இல்லையென்றால் தீயில் இட்டுச் சாம்பலைக் கால் படாத இடத்தில் புதைக்க வேண்டும். ஃபாதர் இஹோரும் அதையேதான் சொன்னார். டிசம்பரில் பனியோடு பனியாக வந்து, தெக்லாக்கா சமையலறையில் பூட்ஸைக் கழற்றாமல் உட்கார்ந்து பேசினார்.

"ஜெபம் நின்னுபோன கோயில் உடம்பு மாதிரி, செனோவியா. உயிர் போன உடம்பை நாம வீட்டுல வச்சு அழகு பாக்கறதில்லை. மரியாதையா அனுப்பி வைக்கிறோம்."

"இது செத்துப்போச்சுன்னு யாரு சொன்னது ஃபாதர்? வருஷத்துக்கு ஒரு தடவ வந்து எட்டிப்பாத்துட்டுப் போறவருக்கு மூச்சு இருக்கா இல்லையான்னு எப்படித் தெரியும்?"

அவர் முகம் சிவந்தது. "நான் ஒருத்தன், பதினோரு கோயில். என்னை ரெண்டா வெட்டினாலும் போதாது."

"உங்களைக் குத்தம் சொல்லலை. கூரைய மட்டும் சரி பண்ண விடுங்கன்னுதான் கேக்கறேன். ஒரே ஒரு கூரை."

"கூரைய சரி பண்ணி? உள்ள யாரு நிப்பா?"

 அங்கேயே ஓட்டெடுப்பு நடந்தது. கைதூக்கல்தான். தெக்லாக்கா எரிக்கலாம் என்று தூக்கினாள். ஹாராசிம் சகோதரர்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் ஒரே நேரத்தில் தூக்கினார்கள். நானும் தூக்கினேன். அந்தப் பாட்டில்களை நான் கண்ணால் பார்த்தவன். வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. கூடாது என்றவர்கள் செனோவியாவும் மெத்ரோ மாமாவும் மட்டும். பத்து வருடமாகப் பார்த்த இடத்திலெல்லாம் சண்டை போட்டவர்கள் அன்று ஒரே பக்கம்.

வெளியே வந்ததும் என்னிடம் சொன்னாள்: "ஏணி புடிச்ச கையாலேயே தூக்கினே பாரு."

நான் அந்தக் கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டேன். 

தலைவி அவள்தான், அதனால் எரிப்பதற்கான தாளெல்லாம் அவள்தான் போட வேண்டும். ராஜினாமா செய்வாள் என்று நினைத்தேன். செய்யவில்லை. "நான் போனா நீங்க ஆறு மாசத்துல ஒரு ஃபாரம்கூட நிரப்பமாட்டீங்க" என்று சொல்லி, தான் எதிர்த்த காரியத்துக்குத் தானே விண்ணப்பம் எழுதினாள். ஊராட்சி அலுவலகத்துக்கு நாங்கள் இருவரும் போனோம். தீயணைப்புக்குப் பொறுப்பான ஆள் எங்களுக்குத் தெரிந்தவர்தான். தாளைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார்.

"எனக்கு ஆட்சேபணை இல்லைம்மா. ஆனா பெயின்ட் அடிச்ச மரத்தை எரிக்கக்கூடாதுன்னு இருக்கு. அந்தக் காலத்துப் பெயின்ட்ல ஈயம். அந்தப் புகை வயலுக்குப் போகும், கிணத்துக்குப் போகும்."

"அப்போ என்ன பண்ணணும்?"

"பெயின்ட் அடிச்ச பலகையெல்லாம் கழட்டி ஊராட்சிக் குப்பைக்கிடங்குல போட்டுட்டா, மிச்சத்தை எரிக்கலாம்."

செனோவியா மெதுவாகக் கேட்டாள்: "பெயின்ட் அடிச்ச பலகைல யாரு இருக்காங்கன்னு தெரியுமா உங்களுக்கு?"

அவருக்குத் தெரியும். அவர் மனைவி எங்கள் கோயில் குடும்பத்துப் பெண். தலையைக் குனிந்துகொண்டு, "சட்டத்துல புனிதர்னு தனியா ஒரு வரி இல்லையேம்மா" என்றார்.

இதற்குள் சேதி பத்திரிகைக்குப் போய்விட்டது. கரின் சொன்னாளா, வேறு யாராவது சொன்னார்களா, தெரியாது. எழுபது வருடத்துக் கலைச்செல்வத்தைக் கொளுத்தப்போகிறார்கள் என்று கொட்டை எழுத்தில் வந்தது. செனோவியாவுக்குக் கடிதங்கள் குவிந்தன. காட்டுமிராண்டி என்று ஒன்று, ஆண்டவர் தண்டிப்பார் என்று ஒன்று. வாழ்நாளில் வெர்போவா எந்தத் திசையில் இருக்கிறதென்று தெரியாதவர்கள் எழுதியவை. அந்த வசந்தத்தில் இருபது வருடத்தில் வராத கூட்டம் ஒரே மாதத்தில் வந்தது. எல்லோர் கழுத்திலும் கேமரா. ஒரு சனிக்கிழமை நல்ல கோட்டு போட்ட ஒருவர் அவளைத் தேடி வந்து, இதை அழிக்க உங்களுக்கு மனசு எப்படி வருகிறது என்று கேட்டார். வடக்கு மூலை மறுபடி ஒழுக ஆரம்பித்திருந்த நேரம் அது.

"மனசு வரலைதான். நீங்க நல்ல சமயத்துல வந்தீங்க" என்றாள் செனோவியா. "தார்ப்பாய் ஒண்ணு கட்டணும். அஞ்சு நிமிஷம் ஏணியைப் பிடிக்கிறீங்களா?"

அவர் தன் கோட்டைப் பார்த்தார். அவசரமாகப் போக வேண்டியிருக்கிறது என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். நான்தான் பிடித்தேன். அந்தத் தார்ப்பாயை ஜூன் மாதக் காற்று கிழித்து ஹாராசிம் வீட்டு வயலில் கொண்டுபோய்ப் போட்டது. அடுத்து இன்ஷூரன்ஸ்காரர்களும் பத்திரிகை படித்தவர்கள் என்று தெரிந்தது. மூடப்போகிற கட்டடத்துக்குள் ஆள் கூடக்கூடாது, கூரையில் யாரும் ஏறக்கூடாது என்று எழுதிவிட்டார்கள். அந்த வருடத் திருநாளுக்கு ஃபாதர் இஹோர் வந்து, கோயில் படியில் நின்று, தெக்லாக்கா கட்டிவந்த கசகசாக் காய்களையும் பூக்களையும் மந்திரித்துக் கொடுத்துவிட்டுப் போனார். பூட்டிய கதவுக்கு முன்னால் நாங்கள் நின்றோம். மெத்ரோ மாமா மட்டும் ஃபாதரைப் பார்க்காமல் அந்தப் பூட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஆக, எரிக்க முடியாது. பழுது பார்க்க முடியாது. உள்ளே போய்க் கும்பிடவும் முடியாது. "எல்லாரும் அது மேல பாசமாத்தான் இருக்காங்க" என்று செனோவியா ஒருநாள் என் வீட்டு மேசையைத் தட்டிச் சொன்னாள். "மாமாவுக்குப் பாசம். அந்த கரினுக்குப் பாசம். ஃபாதருக்கும் தெக்லாக்காவுக்கும் பாசம். உனக்கும்தான். ஒருத்தராவது ஒரு ஆணி அடிச்சீங்களாடா?"

"மெத்ரோ மாமா அடிச்சாரே" என்றேன்.

"ஆமா. கன்னத்துல அடிச்சாரு."

2005 மார்ச்சில் ஈரப்பனி விழுந்தது. வழக்கமான பொடிப்பனி இல்லை, கையில் எடுத்தால் ஈயம் மாதிரி கனக்கிற பனி. இரண்டு நாள் விடவில்லை. மூன்றாம் நாள் காலை ஏழரைக்கு, குழந்தைகளை ஏற்றப் போகிற வழியில், செனோவியா என் வீட்டு வாசலில் பஸ்ஸை நிறுத்தி ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தாள். "ஏறு" என்றாள். 

குமிழ்க் கோபுரம் உள்ளே விழுந்திருந்தது. வடக்குக் கூரை அதோடு போயிருந்தது. சுவர்கள் நின்றன. மேலே வெறும் ஆகாயம். நீலப் பலகைகள் பனியில் சிதறிக் கிடந்தன. அவள் பூட்ஸோடு பனிக்குள் இறங்கிப் போய்ச் சுவரை உதைத்தாள். ஒரு முறை இல்லை, ஏழெட்டு முறை. பிறகு சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு, "ஒரு கூரைடா. ஒரு கூரை" என்றாள். அவள் அழுது நான் பார்த்தது தராஸ் அடக்கத்தன்றும், அன்றும். ஐந்து நிமிடம்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பிள்ளைங்க குளிர்ல நிக்கும்" என்று பஸ்ஸுக்குத் திரும்பினாள்.

கோயில் விழுந்த பிறகு எல்லாமே சுலபமாகிவிட்டது. அதுதான் எரிச்சல். விழுந்த கட்டடத்தைப் பிரிக்க யாருடைய அனுமதியும் வேண்டியிருக்கவில்லை. ஏப்ரல் கடைசியில் பனி கரைந்ததும் பிரிக்க ஆரம்பித்தோம். ஆறு பேர் சபையில் ஐந்து பேர் வேலைக்கு வந்தோம். ஆறாவதான தெக்லாக்கா தினமும் கோஸ் இலைச் சுருளும் பீட்ரூட் சூப்பும் கொண்டுவந்தாள். வெளிப்பலகையைக் கழற்றியதும் தண்டுகள் தெரிந்தன. ஒரு சொட்டுப் பெயின்ட் இல்லை. அவற்றை எரிக்க ஊராட்சி அன்றே அனுமதி கொடுத்தது.

ஓவியப் பலகைகளைக் குப்பைக்கிடங்குக்கு அனுப்ப யாரும் தயாராக இல்லை. செனோவியா கரினைக் கூப்பிட்டாள். கரின் லாரியோடு வந்தாள். எல்லாப் பலகையையும் கம்பளியில் சுற்றினாள். தக்காளிக் கன்னத்துத் தூதர்கள் மூன்று பேரையும் எடுத்துக்கொண்டாள். "இதுவும் இதோட கதைதான்" என்றாள். மெத்ரோ மாமா அதைக் கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

லாரி கிளம்பும் முன் செனோவியா அவளிடம் சொன்னாள்: "உங்களுக்குப் பலகை கிடைச்சாச்சு. நல்லபடியா வச்சுக்குங்க."

கரின் லாரியில் நழுவிய கம்பளி ஒன்றை இழுத்துச் சரிசெய்தாள். "அந்தத் தார் இருந்த படத்தைப் பாத்தும் பாக்காத மாதிரி இருந்திருக்கலாம்னு தினமும் நெனைக்கிறேன்" என்றாள்.

"நெனைங்க" என்றாள் செனோவியா. மன்னிப்புமில்லை, கோபமுமில்லை அந்தக் குரலில். களைப்பு இருந்தது.

தண்டுகளை மே மாதம் ஒரு சனிக்கிழமை குழிக்குள் அடுக்கி எரித்தோம். ஃபாதர் இஹோர் வந்தார். அன்று அவசரப்படவில்லை, மாலைவரை நின்றார். பலிபீடம் இருந்த இடத்தில் சாம்பலைப் புதைத்து ஒரு சிலுவை நட்டோம். தெக்லாக்காவின் முகத்தில் நிம்மதி இருந்தது. எனக்கும் நிம்மதியாக இருக்கும் என்றுதான் எதிர்பார்த்தேன். சரியாகச் செய்தோம் என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை, தப்பு என்றும் சொல்ல முடியவில்லை. ஒரு தடவை செனோவியாவிடம் அதைச் சொன்னபோது, "உனக்கு அந்தக் கவலை. எனக்கு அந்தச் சிலுவைக்குப் பக்கத்துல புல்லு வெட்டற கவலை" என்றாள்.

ஆகஸ்ட் திருநாளை இப்போது வெட்டவெளியில் கொண்டாடுகிறோம். மெழுகுத்திரி ஏற்ற யாருடைய தடையும் இல்லை. ஏற்றினால் காற்று அணைத்துவிடுகிறது. மெத்ரோ மாமா ஒரு வருடம் வந்தார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்து, கொசுவை அடித்துக்கொண்டே, "தகரம் போட்டிருந்தா நின்னிருக்கும்" என்று வழிபாடு முழுக்க முணுமுணுத்தார். அந்தக் குளிர்காலத்தில் அவரும் போய்விட்டார்.

ஓவியப் பலகைகள் ரெஜைனாவில் கழகத்தின் காட்சிக்கூடத்தில் இருக்கின்றன. நல்ல வெளிச்சம், சரியான சூடு, ஈரமே அண்டாது. செனோவியா ஒருமுறை என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். பலகைக்குக் கீழே, வரைந்தவர் பெயர் தெரியவில்லை என்று எழுதியிருந்தது. பெயர் எங்களுக்குத் தெரியும். ஹ்னாத் மோரோஸ். நிலமில்லாமல் ஊர் ஊராகச் சுற்றியவர். எங்கள் ஊரில் இரண்டு குளிர்காலம் ஹாராசிம் வீட்டில் தங்கி வரைந்தார். பழைய சபைக் குறிப்பேட்டில் அவர் பெயர் இருக்கிறது. செனோவியா வரவேற்பு மேசைக்குப் போய்ச் சொன்னாள். கரின் அப்போது அங்கே வேலையில் இல்லை. மேசையில் இருந்த பெண் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு ஒரு ஃபாரத்தைக் கொடுத்தாள். செனோவியா அதை நிரப்பிக் கொடுத்தாள். அடுத்த வருடம் போனபோதும் பெயர் தெரியவில்லை என்றே இருந்தது. மறுபடி ஒரு ஃபாரம். அதற்கடுத்த வருடமும்.

போன வாரம் நாலாவது ஃபாரத்தோடு என் வீட்டுக்கு வந்தாள். "என் எழுத்து அவங்களுக்குப் புரியலையோ என்னவோ. நீ எழுது. தானியக் கிடங்குல எழுதின கை" என்றாள். குறிப்பேட்டின் அந்தப் பக்கத்தை நகல் எடுத்துச் சேர்த்து, பெயரை எழுத்துக்கு எழுத்து பிரித்து எழுதி அனுப்பியிருக்கிறேன். இதுவரை பதில் வரவில்லை.